சிலம்பில் மூன்று கனவுகள்

அச்சம் இழிந்த உணர்ச்சி என்று கருதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. மேடைதோறும் வீரத்தைப் போற்றுகிறோம். அஞ்சுகின்றவனைக் கோழை என்று ஒதுக்குகிறோம். பழந்தமிழ்ச் சான்றோர் அவ்வாறு கருதினாரல்லர். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அதனை அடுத்தே பெருமிதத்தையும் வைத்தார். வள்ளுவரோ அச்சத்தைத் தரம் பிரித்துக் காட்டினார். தீவினைக்கும் இரத்தலுக்கும் அஞ்சவேண்டும் என்று இரண்டு அதிகாரங்கள் வகுத்த அவரே, கற்றவர் அவைக்கு அஞ்சலாகாது என்று வேறோர் அதிகாரமும் வகுத்தார். அஞ்சத்தக்கது எது, தகாதது எது என்று பகுத்தறிதலே அவர் நெறி. எனவே அறிவுடைமை பேசும் அதிகாரத்திலேயே அச்சத்திற்கும் இடம் தந்தார்.

இந்நெறியை மாந்தர் வாழ்வில் வைத்துக் காட்டும் காப்பியம் சிலப்பதிகாரம். அதில் கண்ணகி, கோவலன், பாண்டிமாதேவி ஆகிய மூவர் தீய கனவு காண்கின்றனர். பின்வருவதை முன்னறிவிக்கும் காப்பிய உத்தியே இக்கனவுகள் என்று சொல்லி அமைவோர் உளர். உத்தி என்பது உண்மையே. ஆயினும் அதனோடு நின்றுவிட்டால், அஞ்சிய மூவரும் தத்தம் அச்சத்தை என் செய்தனர் என்ற வினாவைத் தவறவிட்டவராவோம். இளங்கோவடிகளின் மாந்தர்ப் படைப்பு அவ்வினாவில்தான் துலங்குகிறது.

கண்ணகியின் கனவு

முதற் கனவு, கனாத்திறம் உரைத்த காதையில் வருகிறது. கணவனைப் பிரிந்து புகாரில் தனித்திருக்கும் கண்ணகி, தன் தோழி தேவந்தியிடம் கனவை உரைக்கிறாள். கோவலன் தன் கைபற்றி அழைத்துச் செல்ல, இருவரும் ஒரு பேரூரை அடைகின்றனர். அவ்வூரார் தகாத பழியொன்றைச் சுமத்துகின்றனர். கோவலனுக்குத் தீங்கு நேர்ந்தது என்று கேட்டு அவள் அரசன் முன் சென்று வழக்குரைக்கிறாள். அரசனுக்கும் ஊருக்கும் கேடு சூழ்கிறது. முடிவில் கணவனோடு தான் எய்திய நற்பேற்றைச் சொன்னால் நகைப்பிற்கு இடமாகும் என்றும் கூறுகிறாள்.

இங்கே நோக்கத்தக்கது ஒன்று உண்டு. தன்னை நடுங்கச் செய்த அக்கனவில் கண்ணகி அழுது வீழ்ந்தவளாக மட்டும் இல்லை. அரசன் முன் நின்று பேசியவளாகவும் இருக்கிறாள். பின்னாளில் மதுரையில் வெளிப்படும் துணிவின் வித்து, புகாரில் தோன்றிய இந்த அச்சத்தினுள்ளேயே கிடந்தது. அச்சம் வருந்துன்பத்தைக் காட்டியதோடு, அத்துன்பத்தின் முன் அவள் எவ்வாறு நிற்பாள் என்பதையும் காட்டிவிட்டது.

தேவந்தி பரிகாரம் கூறுகிறாள். காவிரி கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகில் உள்ள சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் நீராடிக் காமன் கோட்டத்தைத் தொழுதால் கணவனோடு இன்புற்று வாழலாம் என்கிறாள். அது தனக்குப் பெருமையன்று என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். அச்சத்தை அவள் மறைக்கவில்லை, தோழியிடம் சொல்கிறாள். ஆயினும் அச்சத்தைத் தீர்த்துக்கொள்வதற்காகத் தன் தகுதியை விட்டுக்கொடுக்கவும் அவள் இசையவில்லை. அச்சத்தோடு மனிதர் கொள்ளத்தக்க உறவிற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

ஆனால் அவளிடமும் ஒரு குறை உண்டு. அந்நேரமே கோவலன் வந்து நிற்கிறான். சிலம்புகள் உள்ளன, கொள்க என்று நீட்டுகிறாள். மதுரைக்குப் புறப்படு என்றதும் புறப்படுகிறாள். தோழியிடம் சொன்ன கனவைக் கணவனிடம் சொல்லவில்லை.

கோவலனின் கனவு

இரண்டாம் கனவு அடைக்கலக் காதையில் உள்ளது. மதுரையின் புறஞ்சேரியில், நள்ளிருளில் தான் கண்ட கனவைக் கோவலன் மாடலன் என்னும் மறையோனிடம் உரைக்கிறான். கீழ்மகன் ஒருவனால் தன் உடை பறிக்கப்பட்டதையும், கண்ணகி நடுங்கித் துயருற்றதையும், தான் எருமை மீது ஏறிச் சென்றதையும் சொல்கிறான். அவனும் அச்சத்தை மறைக்கவில்லை. ஆனால் அவன் உரைப்பது மாடலனிடமே. கணவனும் மனைவியும் தம் கனவுகளைப் பற்றி ஒருவரோடொருவர் பேசும் காட்சி காப்பியத்தில் யாண்டும் இல்லை.

இருவர் கண்டதும் ஏறத்தாழ ஒரே தீங்கு. ஒருவர்க்கொருவர் துன்பம் தரலாகாது என்ற அன்பே இருவர் வாயையும் அடைத்தது எனலாம். சொல்லியிருந்தால் தப்பியிருப்பரோ என்று கேட்டால், ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்பதைக் காட்டவந்த காப்பியம் இது என்று விடை வரும். அது சரியே. ஆயினும் ஊழ் வலியது என்பதற்காக, இருவர் கொண்ட அச்சமும் தனித்தனியே கிடந்து வாடவேண்டும் என்பதில்லை. கொலைக்களக் காதையில் பிரியும் முன் அவர்கள் மனம் திறந்து பேசுகின்றனர். பழைய பிழைகளெல்லாம் அங்கே பேச்சில் வருகின்றன. கனவுகள் மட்டும் வரவில்லை. அந்த மௌனம் படிப்போர் நெஞ்சை அறுக்கிறது.

அரண்மனையின் கனவு

மூன்றாம் கனவு வழக்குரை காதையின் தொடக்கத்தில் வருகிறது. செங்கோலும் வெண்குடையும் வீழக் கண்ட கோப்பெருந்தேவி, அதனை உடனே தன் கணவனாகிய மன்னனிடம் சென்று உரைக்கிறாள். மூவருள் தன் துணையிடமே அச்சத்தைச் சொன்னவள் அவள் ஒருத்தியே. ஆனால் காலம் கடந்துவிட்டது. அவள் சொல்லும் வேளையில் கண்ணகி வாயிலில் நிற்கிறாள்.

பாண்டியன் அஞ்சவேண்டிய பொழுது முன்னரே வந்து போயிற்று. ஊடிய தேவியைத் தேற்றச் செல்லும் விரைவில், பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் கொலையாணை இட்டானே, அப்பொழுது ஒரு நொடி அவன் தீவினைக்கு அஞ்சியிருக்கவேண்டும். அஞ்சவில்லை. இறுதியில் தானே கள்வன் என்று ஒப்பி உயிர்விடும்போது அந்த அச்சம் முழுவதுமாக வந்து சேர்கிறது. அவன் பெருமையும் அங்கேதான் உயர்கிறது.

பொற்கொல்லனின் அச்சமோ முற்றிலும் வேறு. அரண்மனைச் சிலம்பைத் திருடியவன் அவன். தன் களவு வெளிப்படுமுன் பழியை வேற்றூரிலிருந்து வந்த புதியவன் மீது ஏற்றிவிட எண்ணுகிறான். காவலர் கோவலனைக் கண்டு, இவன் கள்வன் அல்லன் என்று ஐயுறுகின்றனர். ஆனால் வேந்தனுக்கு அஞ்சித் தடுமாறுகின்றனர். அவர்கள் தடுமாறி நிற்கையிலே, கல்லாத குடியன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். தன்னைக் காத்துக்கொள்ள மட்டுமே எண்ணும் அச்சமும், மேலோர்க்கு நடுங்கும் அச்சமும் ஓர் உயிரைப் பலிகொண்டன. ஆளும் மன்னன் பிறர் அஞ்சத்தக்கன செய்யலாகாது என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்ததன் காரணம் இக்காட்சியில் விளங்கும்.

நாம் கொள்ளத்தக்கது

சொந்த மண்ணை விட்டு வந்து வேற்று மொழியிடையே வாழும் நமக்கு இக்காப்பியம் அயலாரின் கதையன்று. கோவலனும் கண்ணகியும் பிழைப்பை நாடிப் பெருநகருக்குப் பெயர்ந்தவர்களே. ஆயர் சேரியிலிருந்து சிலம்பு விற்கப் புறப்பட்டவனை எருது ஒன்று எதிர்க்கிறது. அது தீய நிமித்தம் என்பதை அறியும் வழக்கம் அவன் குலத்தில் இல்லை; ஆகவே அறியாமல் நடந்தான். புதிய ஊரின் குறிப்புகளை அறியாமல் நாமும் எத்தனை நாள் நடந்திருக்கிறோம்!

நம் இல்லங்களில் என்ன நிகழ்கிறது? வேலை நிலைக்குமோ என்ற கவலையைக் கணவன் நண்பனிடம் சொல்கிறான், மனைவியிடம் சொல்வதில்லை. இந்நகரில் பிள்ளைகள் எப்படி வளர்வரோ என்ற கவலையை மனைவி அண்டை வீட்டாளிடம் சொல்கிறாள்; கணவனிடம் சொல்வதில்லை. வகுப்பில் மொழி புரியாமல் விழிக்கும் பிள்ளை எவரிடமும் சொல்வதில்லை. ஊரிலுள்ள பெற்றோர்க்கோ, அனைவரும் நலம் என்ற செய்தி மட்டும் போகிறது. ஒரே கனவை ஒரே கூரையின்கீழ் தனித்தனியே காண்கிறோம்.

அஞ்சாதே என்று பிள்ளைகளிடம் சொல்வது எளிது. எதற்கு அஞ்சுகிறாய் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் வரை காத்திருப்பதே கடினம். கேட்டபின் அந்த அச்சத்தைப் பகுத்துப் பார்க்கலாம். அஞ்சத்தக்கதாயின் அதற்கேற்பக் காத்துக்கொள்ளலாம். அவையச்சம் போன்றதாயின் கல்வியால் வெல்லலாம். தேவந்தியிடம் தன் நடுக்கத்தை மறையாது உரைத்த அதே கண்ணகிதான் பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்தாள். சிலம்பைப் படிக்கும் நாம் இரண்டாம் காட்சியை மட்டும் பிள்ளைகளுக்குக் கூறுகிறோம். முதற் காட்சியையும் கூறுவோமாக.