களரியும் சந்தையும்

முதலாளித்துவம் கலையைத் தடைசெய்வதிலும் பார்க்க, பண்டமாக்கியே தன்வயப்படுத்துகிறது. மட்டக்களப்புக் கூத்தின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

படுவான்கரையில் பழுகாமம் போன்ற உழவர் கிராமங்களில் கூத்து விற்பனைக்காக ஆக்கப்பட்டதன்று. வயலில் உழைத்தவனே அண்ணாவியாரிடம் சட்டம் பெற்று, மாதக்கணக்கில் பழகி, வட்டக்களரியில் விடியவிடிய ஆடினான். சூழ்ந்திருந்தோர் அவன் உறவினரும் அயலவருமே. ஆக்குவோர், நுகர்வோர் என்ற பிளவு அங்கு முற்றுப்பெறவில்லை.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தைச் சுருக்கிச் செம்மைப்படுத்திப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியன, இழிவாகக் கருதப்பட்ட கலைக்குக் கற்றோரிடையே மதிப்பைத் தேடித்தந்தன. அப்பணி மறுக்கற்பாலதன்று. எனினும், களரியைச் சூழ்ந்திருந்த சமூகம் மேடைக்கெதிரே பார்வையாளராயிற்று. இன்று விழா வரவேற்புக்கென வெட்டியெடுக்கப்படும் சில நிமிட ஆட்டத்தில் வடிவம் மட்டுமே எஞ்சுகிறது.

பழைய களரிக்கு மீள்வதே மாற்று என்பாருளர். அக்களரியிலும் போடியார் ஆதிக்கமும் சாதி ஒழுங்கும் நிலவின. பெண் பாத்திரத்தையும் ஆணே ஆடினான். மௌனகுருவின் 'சங்காரம்' கூத்து வடிவில் உழைக்கும் மக்களின் போராட்டத்தைப் பாடுபொருளாக்கியமை முக்கியமான முன்னேற்றமாகும். ஆயின், பொருளை மாற்றுவதால் மட்டும் உற்பத்தி உறவு மாறிவிடாது.

சி. ஜெயசங்கர் 2000களின் தொடக்கத்தில் சீலாமுனை மக்களுடன் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் இவ்விடத்தில் நோக்கத்தக்கது. பால், சாதி ஏற்றத்தாழ்வுகளைக் கொண்ட பகுதிகளை அங்கு கூத்தர்களும் ஊரவரும் விவாதித்தே மாற்றினர். சந்தைக்கு வெளியே ஒரு பண்பாட்டைக் கற்பனை செய்வதற்கு அத்தகைய விவாதமே தொடக்கம். அது ஒரு கிராமத்துடன் நின்றுவிடலாகாது.