கற்பிட்டிக் கோட்டையும் பொது மரபுரிமையும்

புத்தளம் களப்பு கடலோடு கலக்கும் வடவாயிலைக் காத்து நிற்கும் கற்பிட்டிக் கோட்டை, ஈழத்து ஒல்லாந்தர் கோட்டைகளுள் ஆரவாரமற்றது. காலிக் கோட்டையைப் போல நகரொன்றைத் தன்னுள் அடக்கியதன்று. யாழ்ப்பாணக் கோட்டையைப் போல ஐங்கோண வடிவின் பெருமிதம் உடையதுமன்று. ஏறத்தாழச் சதுரமாக அமைந்த முருகைக்கல் மதில், மஞ்சட் செங்கல்லாலான வாயில், உள்ளே தேவாலயம், சிறைக்கூடம், படைவீடுகள் என்பவற்றின் எச்சங்கள்; இவ்வளவே காணத்தக்கவை. ஆயினும், சிதைந்த பழங் கட்டடங்களை மீளமைப்பது குறித்துப் பேசுவோர் இன்று பெரிதும் எடுத்தாளும் ‘பொது மரபுரிமை’ என்னும் தொடரை உரைத்துப் பார்ப்பதற்கு இச்சிறு கோட்டையினும் தக்க உரைகல் அரிது.

இத்தொடர் வெறுங் கற்பனையில் எழுந்ததன்று. நெதர்லாந்து அரசு, தன் பழைய வாணிகக் கம்பனி விட்டுச்சென்ற கட்டடங்களைத் தனக்கும் அவை அமைந்துள்ள நாடுகளுக்கும் பொதுவான செல்வமெனக் கொண்டு, அவற்றின் பேணலுக்கு உதவி வந்துள்ளது. போரிற் சிதைந்த யாழ்ப்பாணக் கோட்டையின் மீளமைப்பு 2010ஆம் ஆண்டளவில் தொடங்கியதும் அவ்வுதவியுடனேயே. நிதியும் நிபுணத்துவமும் வரவேற்கத்தக்கவையே. ஆனால், ‘பொது’ என்ற சொல் யாரை யாரோடு சேர்க்கின்றது என்ற வினா எழுப்பப்படாமலே விடப்படுகின்றது. கட்டியவனுக்கும், கட்டுவிக்கப்பட்டவனுக்கும், அம்மதிலால் வழி மறிக்கப்பட்டவனுக்கும் ஒரு மதில் ஒரே பொருளைத் தருமா?

கற்பிட்டியின் வரலாறு இவ்வினாவை நேரடியாகவே எழுப்புகின்றது. இக்கோட்டையை மத்தியகாலத்தது எனச் சிலர் குறிப்பதுண்டு. அது பொருந்தாது. 1667 தொடக்கம் 1676 வரையிலான காலத்தில், பீரங்கிப் போர் முறைக்கு ஏற்ப எழுந்தது இது. அதற்கு முன்னரே போர்த்துக்கேயர் அவ்விடத்தில் சிறு அரணொன்றையும் யேசு சபையாரின் கோவிலொன்றையும் அமைத்திருந்தனர். கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கன் 1638இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தது போர்த்துக்கேயரை வெளியேற்றும் நோக்குடனாகும். வெளியேற்றிய பின்னர் துறைமுகங்களைக் கைவிட ஒல்லாந்தர் மறுத்தனர். ‘இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கியது போல’ என்னும் சிங்களப் பழமொழிக்கு இந்நிகழ்ச்சியையே எடுத்துக்காட்டாகக் கூறுவர்.

களப்பின் உட்கோடியிலுள்ள புத்தளமோ கண்டி இராச்சியத்திற்கு உப்பும் துணியும் செல்லும் வழியாகவும், பாக்கு வெளியேறும் வழியாகவும் விளங்கியது. தென்னிந்தியக் கரையிலிருந்து வரும் தோணிகள் களப்பினுட் புகக் கற்பிட்டி முனையைக் கடந்தாக வேண்டும். அம்முனையிற் பீரங்கியை நிறுத்தியவன் கண்டியின் தொண்டையிற் கைவைத்தவனாவான். எனவே இம்மதில் பகைவனிடமிருந்து ஊரைக் காக்க எழுந்ததன்று. ஊரையும் உள்நாட்டையும் கடலிலிருந்து பிரிக்க எழுந்தது. இவ்வழியே வாணிகம் செய்து வாழ்ந்த முஸ்லிம்களும் தமிழரும், உப்புக்காகக் காத்திருந்த மலைநாட்டுச் சிங்களவரும் அதன் நிழலில் ஒரே வகையான நெருக்குதலுக்கு ஆளாயினர். பொதுமை என ஒன்று இக்கோட்டைக்கு உண்டெனின் முதலில் அது இதுவே. மீளமைப்புத் திட்டங்களின் மொழியோ ‘இரு பண்பாடுகளின் சந்திப்பு’ போன்ற மென்சொற்களால் இதனைப் பூசி மெழுகிவிடுகின்றது.

இதே மாவட்டத்தில் வேறு வகையான பொதுமைக்கும் சான்றுண்டு. சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரத்திற்குப் பதினைந்தாம் நூற்றாண்டிற் கோட்டையரசன் ஆறாம் பராக்கிரமபாகு நிலமளித்தான். 1578இற் போர்த்துக்கேயர் அக்கோவிலை இடித்தனர். 1753இற் கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் அதனைப் புதுப்பித்தான். பௌத்தத்தைப் புரந்த மன்னன் சைவக் கோவிலை எழுப்பியமை அரசியல் நோக்கமற்றது எனக் கூற முடியாது. எனினும், இன்றுவரை தமிழரோடு சிங்கள மக்களும் நேர்த்திக்கடன் வைத்து அங்கு செல்வது எவரும் அறிந்ததே. கற்பிட்டிக் குடாநாட்டிலேயே உள்ள தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தின் ஆவணித் திருவிழாவிலும் இவ்விரு மொழிகளும் ஒலிக்கின்றன. இவ்விடங்களுக்குப் ‘பொது மரபுரிமை’ என்னும் பலகையை எவரும் தொங்கவிட வேண்டிய தேவை ஏற்படவில்லை. மக்களின் கால்கள் அவற்றைப் பொதுவாக்கியுள்ளன. கோட்டையோ கடற்படைத் தளத்தினுள் அமைந்திருப்பதால், அங்குச் செல்ல விரும்புபவர் முதலிற் காவலனிடம் அனுமதி பெறவேண்டும். 1795இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து அதனைக் கைப்பற்றியபோது கொடி மாறியது. வாயிலிற் காவலன் நிற்பது அன்றும் மாறவில்லை, இன்றும் மாறவில்லை.

மீளமைப்புப் பற்றிய கோட்பாட்டு விவாதம் ஐரோப்பாவிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கூர்மையடைந்தது. பிரான்சியக் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-தூக், பியர்போன் கோட்டையை அது முன்னர் ஒருபோதும் பெற்றிராத முழுமையோடு எழுப்பினார். ஆங்கிலத் திறனாய்வாளர் ஜோன் ரஸ்கின் இத்தகைய மீளமைப்பை அழிவின் மோசமான வடிவமாகவே கருதினார். 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் இவ்விரு துருவங்களுக்கிடையே ஒரு நெறியை வகுத்தது. ஊகம் தொடங்குமிடத்தில் மீளமைப்பு நின்றுவிட வேண்டும் என்பதும், வெவ்வேறு காலங்கள் சேர்த்தவை மதிக்கப்படல் வேண்டும் என்பதும் அதன் சாரம். இந்நெறி கற்பிட்டிக்கு நன்கு பொருந்தும். போர்த்துக்கேயத் தேவாலயத்தின் தடத்தையோ ஆங்கிலேயர் செய்த மாற்றங்களையோ அகற்றி, 1676ஆம் ஆண்டின் ‘தூய’ ஒல்லாந்தக் கோட்டையை உருவாக்குவது வரலாற்றைத் திருத்தி எழுதுவதாகும்.

எனினும் கோட்பாட்டினும் கல்லே இங்குக் கடினமான வினாக்களை எழுப்புகின்றது. மதில் முருகைக்கல்லாலானது, அதனை இணைத்த சுண்ணாம்பும் முருகைக்கல்லைச் சுட்டெடுத்ததே. கடலே கோட்டையாக மாறியது எனலாம். உப்புக் காற்றும் பருவமழையும் மாறிமாறித் தாக்க, நுண்துளைகள் நிறைந்த அக்கல் ஈரத்தை உறிஞ்சுவதும் வெளிவிடுவதுமாக மூச்சுவிடுகின்றது. சுண்ணாம்புச் சாந்து இம்மூச்சுக்கு இடங்கொடுக்கும். சீமெந்து கொடாது. சீமெந்து பூசிய மதிலில் ஈரம் உள்ளே சிறைப்பட, உப்பு கல்லினுள்ளேயே படிகமாகித் தோலை உரித்தாற்போல மேற்பரப்பைப் பொருக்காக உதிர்க்கும். விரைவிற் செய்த திருத்தம் புயலினும் கொடிது என்பதைப் பழங்கட்டடங்களோடு பழகிய கொத்தனார் அனைவரும் அறிவர்.

அவ்வாறாயின் புதிய முருகைக்கல்லை எடுக்கலாமா? அதுவும் இயலாது, எடுத்தலும் தகாது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பேணற் சட்டமும் 1988இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடுக்கின்றன. கற்பிட்டிக்கு மேற்கே கடலில் விரிந்து கிடக்கும் முருகைக்கற்பார் 1992இற் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 1998இற் கடல்நீர் வெப்பமுற்றபோது ஆழங்குறைந்த பகுதிகளிற் பெரும்பங்கு முருகை மடிந்தது. அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காக்கும் இயற்கை மதில் இப்பாரே. அதனைப் பெயர்த்துச் செயற்கை மதிலைச் செப்பனிடுவது, வீட்டுக் கூரையைப் பிரித்து வேலி அடைப்பதற்கு ஒப்பாகும். விழுந்த கற்களைத் திரட்டி மீண்டும் ஏற்றுவதும், சாந்துக்கு நிலத்துச் சுண்ணாம்புக் கல்லைப் பயன்படுத்துவதுமே எஞ்சிய வழி. களப்பின் கிழக்கே அருவக்காட்டிற் சுண்ணாம்புக் கல்லுக்குப் பஞ்சமில்லை. அது புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்குச் செல்கின்றது என்பதில் ஒரு வேடிக்கையும் உண்டு.

கல்லைப் பற்றி இவ்வளவு கவலை தகுமா என்ற மறுப்பும் எழும். அதனை எளிதிற் புறந்தள்ள முடியாது. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. புத்தளம் மாவட்டத்தின் பல பகுதிகளையும் வெள்ளம் மூடியது. வீடிழந்தவர் முன்னிலையிற் கோட்டை மதிலைப் பேசுவது இங்கிதமாகாது. அதற்கும் முன்னர், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களிற் பெரும்பாலோர் இம்மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். கற்பிட்டியும் அவர்களை ஏற்றது. யாழ்ப்பாணத்திலிருந்து அவ்வாறு வந்த குடும்பமொன்றின் நிலையிலிருந்து நோக்குக. யாழ்ப்பாணக் கோட்டையின் மதில் பொது மரபுரிமையாக எழுகின்றது. சோனகதெருவில் அக்குடும்பம் விட்டுவந்த வீட்டின் சுவருக்கு அப்பெயர் கிட்டவில்லை. மரபுரிமை என்பது பழமையால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை, யாருடைய இழப்பு கணக்கிலெடுக்கப்படுகின்றது என்பதாலும் தீர்மானிக்கப்படுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இம்மறுப்பினாற் கோட்டையைக் கைவிட வேண்டும் என்பது பெறப்படாது. கைவிடப்பட்ட மதில் எவருடைய வரலாற்றையும் கூறாது. அதனைச் செப்பனிடும் பணி அவ்வூரவர்க்கு வேலையும் தொழில்திறனும் தருவதாக அமையுமாயின், நிவாரணத்திற்கும் மரபுரிமைக்கும் இடையிற் காட்டப்படும் பகை பெரும்பாலும் கற்பிதமே. சுண்ணாம்பு நீற்றவும் குழைக்கவும் பூசவும் அறிந்த கைகள் அருகி வருகின்றன. புயலில் விரிசல்கண்ட பழம் பள்ளிவாசல்களுக்கும் கோவில்களுக்கும் தேவாலயங்களுக்கும் அக்கைகளே தேவை. நிபுணர் வெளியிலிருந்து வந்து பூசிவிட்டுச் செல்லும் திட்டத்தில் இப்பயன் விளையாது.

கோட்டையின் கதையை எடுத்துரைப்பவர் யார் என்பது எஞ்சுகின்றது. வாயிலை அமைத்தவரின் பெயரும் ஆண்டும் கூறப்படுவது வழமை. கற்பிட்டியிற் பிறந்த ஒருவரே இப்பகுதியின் வரலாற்றை எழுதியவர் என்பதை நினைவுகூர்வோர் குறைவு. 1807இல் அங்குப் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கையின் ஊர்களைப் பற்றிய அகராதி நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றை ‘தமிழ் புளூட்டாக்’ என்ற பெயரில் அளித்தார். ஆட்சியாளரின் மொழியில், ஆட்சியாளரின் சேவையிலிருந்து எழுதியவர் அவர். அவ்வெல்லைகள் அவருடைய எழுத்திலும் உண்டு. ஆயினும், கோட்டைக்கு வெளியே நின்று அதன் ஊரைப் பார்த்த கண் அது. வாயிலில் வைக்கப்படும் விளக்கப் பலகை தமிழிலும் சிங்களத்திலும் அமைந்து, மறிக்கப்பட்ட தோணிகளையும், உப்புக்குக் காத்திருந்த மலைநாட்டையும், அவ்வூர்ப் பிள்ளையாகிய காசிச்செட்டியையும் குறிப்பிடுமாயின், சீமெந்துக்குப் பதிலாகச் சுண்ணாம்பு பூசுவதைப் போலவே அதுவும் மீளமைப்பின் ஒரு பகுதியாகும். அதற்கு ஆகும் செலவு மதிலின் ஒரு முழ நீளத்தைச் செப்பனிடும் செலவைத் தாண்டாது.