தோற்பது யார்? மூன்று கடிதங்களும் ஒரு குலுக்கலும்

கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் சொன்னார்: "அமெரிக்கக்காரன் கூடைப்பந்துல இடஒதுக்கீடு வச்சிருக்கான், தெரியுமா தோழர்? கடைசியா வந்த அணிக்குத்தான் அடுத்த வருஷம் புதுசா வர்ற பையன்கள்ல முதல் ஆளை எடுக்கிற உரிமை." பாராட்டாகத்தான் சொன்னார். முதலாளியத்தின் தலைமையகத்திலேயே கடைசி ஆளுக்கு முன்னுரிமை என்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. எனக்கு உறுத்தியது. அந்த உறுத்தல்தான் இந்தக் கட்டுரை. விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். 'சமநிலை' என்கிற சொல் யார் வாயிலிருந்து, யாருக்காக வருகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

என்.பி.ஏ. என்னும் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகத்தில் 30 அணிகள். ஐரோப்பியக் கால்பந்தில் கடைசியாக வருகிற அணி கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படும். இங்கே தள்ளுவதற்குக் கீழே எதுவும் கிடையாது. தோற்றவன் தன் இடத்திலேயே இருப்பான், தொலைக்காட்சிப் பணத்தில் அவன் பங்கு அவனுக்கு வரும். அதற்கு மேல் ஒரு பரிசும் உண்டு. கல்லூரியிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வருகிற இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' சடங்கில் அவனுக்கு முன்வரிசை. (பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் பிடிப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். சொற்கள் சில நேரம் உளறிவிடும்.) எந்த ஊருக்குப் போகிறாய் என்று அந்தப் பையனை யாரும் கேட்பதில்லை.

தோல்விக்குப் பரிசு வைத்தால் தோற்கத்தானே செய்வார்கள்? 1983-84 சீசனில் ஹூஸ்டன் அணி வேண்டுமென்றே தோற்கிறது என்று பேச்சு எழுந்தது. அப்போது இரண்டு பிரிவுகளிலும் கடைசியாக வந்த அணிகளுக்கிடையே நாணயம் சுண்டிப் போடுவார்கள். ஹூஸ்டன் ஜெயித்து ஹக்கீம் ஒலாஜுவனைப் பெற்றது. மறு வருடமே, 1985இல், குலுக்கல் முறை வந்தது. அதன் கதை முழுக்கத் திருத்தங்களின் கதைதான். முதலில் எல்லாருக்கும் சம வாய்ப்பு. 1990இல் கடைசி அணிக்குக் கூடுதல் வாய்ப்பு. 1993இல் 66 பந்துகளில் ஒரே ஒரு பந்தை வைத்திருந்த ஆர்லாண்டோ முதலிடம் பெற்றதும் ஆத்திரம் வந்து, மறு வருடம் கடைசி அணிக்கு 25 விழுக்காடு என்று ஏற்றினார்கள். அது அளவுக்கு மீறித் தோற்க வைத்ததால் 2019இல் கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 விழுக்காடு என்று இறக்கினார்கள். நாற்பது வருடமாகப் பந்துகளின் எண்ணிக்கையைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். குலுக்கலில் எழுதப்படுவது ஒரு மனிதனின் பெயர் என்பதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு தத்துவம் இருக்கிறது. எல்லா அணிகளும் ஏறத்தாழச் சம பலத்தோடு இருந்தால்தான் போட்டியில் சுவை இருக்கும், ஆகவே நல்ல ஆட்டக்காரர்கள் பணக்கார ஊர்களில் குவியாமல் தடுக்க வேண்டும் என்பது அது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆட்டக்காரனை ஆயுள் முழுக்க ஒரே முதலாளியிடம் கட்டிப்போட்ட பழைய ஒப்பந்த விதிக்கும் இதே நியாயத்தைத்தான் சொன்னார்கள். சைமன் ராட்டன்பர்க் என்ற பொருளியலாளர் பேஸ்பால் ஆட்டத்தை வைத்து 1956இல் எழுதிய கட்டுரையில் இதைப் போட்டு உடைத்தார். ஆட்டக்காரன் கட்டுண்டிருந்தாலும் சரி, சுதந்திரமாக இருந்தாலும் சரி, அவன் உழைப்புக்கு எங்கே அதிக மதிப்போ அங்கேதான் போய்ச் சேருவான். கட்டுண்டிருந்தால் சின்ன ஊர் முதலாளி அவனைப் பெரிய ஊர் முதலாளிக்கு விற்பான், சுதந்திரமாக இருந்தால் அவனே போவான். அணிகளின் பலம் இரண்டிலும் ஒன்றுதான். காசு யார் பைக்குப் போகிறது என்பது மட்டும் மாறும். ராட்டன்பர்க் மார்க்சியர் ஒன்றுமில்லை, சந்தையை நம்பியவர். சந்தையை நம்பியவரே இதைச் சொன்னார் என்பதுதான் முக்கியம்.

ஆஸ்கர் ராபர்ட்சன் இதை ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராக 1970இல் அவர் தொடுத்த வழக்கு 1976இல் உடன்பாட்டில் முடிந்தது. ஒப்பந்தம் முடிந்தவன் வேறு அணிக்குப் போகலாம் என்ற வழி அதில்தான் திறந்தது. திறந்த கதவை முதலாளிகள் எப்படிச் சாத்தினார்கள்? 1984-85இல் ஒரு அணி சம்பளமாக மொத்தம் 36 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். 1995இல் புதிதாக வருகிறவனுக்கு நிர்ணயித்த சம்பளம். முதலாளிகளே பூட்டுப்போட்டு சீசனை 50 ஆட்டமாகச் சுருக்கிய பிறகு, 1999இல் தனி ஆட்டக்காரனின் சம்பளத்துக்கும் உச்சவரம்பு. உச்சவரம்பு என்றால் நமக்கு நிலம்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கே உச்சவரம்பு சொத்துக்கு இல்லை, கூலிக்கு. சொத்து என்ன ஆனது? இனவெறிப் பேச்சுக்காக 2014இல் ஆயுள் தடை விதிக்கப்பட்ட டொனால்ட் ஸ்டெர்லிங்கின் கிளிப்பர்ஸ் அணி 200 கோடி டாலருக்கு விலைபோனது. தண்டனை பெற்றவருக்கே அவ்வளவு.

இந்தப் பின்னணியில் மூன்று கடிதங்களைப் பிரதிகளாக வைத்து வாசித்துப் பார்க்கலாம்.

முதலாவது, 2010 ஜூலை 8 இரவு கிளீவ்லாந்து அணியின் முதலாளி டான் கில்பர்ட் ரசிகர்களுக்கு எழுதியது. லெப்ரான் ஜேம்ஸ் ஒப்பந்தம் முடிந்து மயாமிக்குப் போவதாகத் தொலைக்காட்சியில் அறிவித்த சில மணி நேரத்தில் வந்தது. துரோகம், கோழைத்தனம், சுயநலம் என்று ஊடல் கொண்ட காதலனின் மொழி. எழுதியவரோ வீட்டுக்கடன் நிறுவனம் நடத்துகிறவர். தவணை முடிந்த ஒப்பந்தத்தின் பொருள் என்னவென்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஆள் போனதும் ஒப்பந்தத்தின் மொழி மறைந்து விசுவாசத்தின் மொழி வந்துவிட்டது. தப்பியோடிய அடிமையைப் பற்றி எஜமான் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று ஜெஸ்ஸி ஜாக்சன் கண்டித்தார். கோடிகளில் சம்பளம் வாங்குகிறவனை அடிமை என்பதா என்று அப்போது பலர் சிரித்தார்கள். நானும் அந்த ஒப்பீட்டை அப்படியே ஏற்கவில்லை. ஆனால் ஜாக்சன் சொன்னது சம்பளத்தைப் பற்றியல்ல, குரலைப் பற்றி. பெரும்பான்மை ஆட்டக்காரர்கள் கறுப்பர்களாகவும் முதலாளிகளில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்களாகவும் இருக்கிற இடத்தில் அந்தக் குரலுக்கு ஒரு வரலாறு இருக்கத்தான் செய்கிறது. பின்னால் கழகத்துக்கே கூச்சம் வந்து, 'உடைமையாளர்' என்ற சொல்லிலிருந்து விலகி வந்துவிட்டதாக 2019இல் ஆணையர் ஆடம் சில்வர் சொன்னார். பதிலுக்கு வந்த சொல் 'ஆளுநர்'. நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டு யாருக்கும் நிம்மதி வரும் என்று தோன்றவில்லை!

கிளீவ்லாந்து அடுத்த சீசனில் தொடர்ந்து 26 ஆட்டம் தோற்றது. குலுக்கல் அந்த அணியை மறக்கவில்லை. 2011, 2013, 2014 என்று நான்கு வருடத்தில் மூன்று முறை முதல் ஆள். சமநிலைத் தத்துவம் சரியென்றால் இதற்குமேல் என்ன வேண்டும்? அப்படியும் அணி எழவில்லை. எழுந்தது 2014இல், லெப்ரான் தானாகத் திரும்பி வந்தபோதுதான். 2016இல் கோப்பையும் வந்தது. முதல் ஆட்களில் ஒருவரான கைரி இர்விங் அதில் பெரும் பங்காற்றினார், மறுக்கவில்லை. ஆனாலும் ஊருக்குக் கோப்பை வந்தது ஒரு தொழிலாளி தன் விருப்பப்படி போய், தன் விருப்பப்படி திரும்பியதால்.

இங்கேதான் நம் முற்போக்கு மனம் சந்தோஷப்பட்டு நின்றுவிடும். நிற்கக் கூடாது. இரண்டாவது கடிதம் லெப்ரானுடையது. 2014 ஜூலையில் ஒரு பத்திரிகையாளரின் துணையோடு ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழில் வந்த அறிவிப்பு. ஊர்ப் பாசமும் நிதானமும் கொண்ட நல்ல உரைநடை. அதில் தன்னோடு ஆடப்போகிறவர்கள் சிலரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். இரண்டு வாரத்துக்கு முன்புதான் அந்த அணி முதல் ஆளாக எடுத்திருந்த 19 வயது ஆண்ட்ரூ விக்கின்ஸின் பெயர் அதில் இல்லை. ஆகஸ்டில் விக்கின்ஸும், அதற்கு முந்திய வருடத்து முதல் ஆளான அந்தோணி பென்னட்டும் மின்னசோட்டாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பதிலுக்கு கெவின் லவ் வந்தார். எழுதப்பட்ட வரிகளைவிட எழுதப்படாத பெயர் அதிகம் பேசுகிறது. நட்சத்திரத்தின் இடப்பெயர்ச்சி சுதந்திரம்தான். ஆனால் அது மற்றவர்களைச் சரக்காக நகர்த்தித்தான் நடக்கிறது.

நட்சத்திரங்கள் கூடிச் சேர்ந்து சமநிலையைக் கெடுக்கிறார்கள் என்ற புலம்பலையும் இதோடு பார்க்க வேண்டும். 2016இல் கெவின் டுரண்ட், 73 ஆட்டம் ஜெயித்திருந்த கோல்டன் ஸ்டேட் அணியில் போய்ச் சேர்ந்தபோது ஊரே திட்டியது. அவரைச் சேர்க்க அந்த அணியால் எப்படி முடிந்தது? புதுத் தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் உச்சவரம்பு ஒரே வருடத்தில் 7 கோடி டாலரிலிருந்து 9.4 கோடிக்குத் தாவியது. அங்கிருந்த ஸ்டீபன் கரியோ நான்கு வருடத்துக்கு 4.4 கோடி என்ற பழைய ஒப்பந்தத்தில் இருந்தார். தனி ஆளின் சம்பளத்துக்கு வரம்பு போட்டுவிட்டால் வெளியிலிருந்து கூப்பிடுகிற எல்லா அணியும் ஏறக்குறைய ஒரே விலையைத்தான் சொல்ல முடியும். விலை ஒன்றானால், எங்கே ஜெயிக்கலாம், யாரோடு ஆடலாம் என்றுதானே பார்ப்பான்? எதைத் தடுக்கக் கூலிக்கு வரம்பு வேண்டும் என்றார்களோ அதை அந்த வரம்பே வளர்த்துவிட்டது. பழி மட்டும் ஆட்டக்காரன் தலையில்.

மூன்றாவது கடிதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, அதாவது மிகவும் பயமுறுத்தியது. ஃபிலடெல்ஃபியா அணியின் பொது மேலாளர் சாம் ஹிங்கி 2016 ஏப்ரலில் எழுதிய 13 பக்க ராஜினாமா. அவர் காலத்தில் அணி ஜெயித்த ஆட்டங்கள், ஒரு சீசனுக்கு 82இல்: 19, 18, 10. கடைசியாகச் சொன்ன சீசன் முடிய ஒரு வாரம் இருக்கும்போது போனார். கடிதத்தில் வாரன் பஃபெட் வருகிறார், ஆபிரகாம் லிங்கன் வருகிறார், நியூசிலாந்தில் அற்றுப்போன மோவா பறவைகூட வருகிறது. தொலைநோக்கு, பொறுமை, நிச்சயமின்மையைத் தாங்கும் மனம் என்று ஒரு துறவியின் சொல்வளம். யாருக்கு எழுதுகிறார் என்று பார்த்தால் அணியில் பணம் போட்ட பங்குதாரர்களுக்கு. ரசிகர்கள் இந்த முறைக்கு வைத்த பெயர் 'செயல்முறை'. நம்பிக்கை வையுங்கள் என்று கோஷமும் போட்டார்கள். தோல்வியை முதலீடாகப் பார்க்க ரசிகனையே பழக்கிவிட்டதுதான் இந்தச் சொல்லாடலின் பெரிய வெற்றி. டிக்கெட் வாங்கியவன் முதலாளியின் கண்ணால் ஆட்டம் பார்க்கிறான்.

ஆனால் களத்தில் நின்றவன் தோற்கப் பார்க்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆட்டக்காரன் எவனும் வேண்டுமென்றே தோற்பதில்லை, அடுத்த ஒப்பந்தம் அவன் ஆட்டத்தில்தான் இருக்கிறது. தோல்வி மேலே, அறைக்குள் முடிவாகிறது. கீழே அதை உடம்பால் சுமக்கிறவன் வேறு. மைக்கேல் கார்ட்டர் வில்லியம்ஸ் 2014இல் அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் என்று பரிசு வாங்கினார். 2015 பிப்ரவரியில் அவரைக் கொடுத்து, இன்னும் யாரென்றே தெரியாத ஒரு வருங்காலப் பையன்மீதான உரிமையை வாங்கினார்கள். கே.ஜே. மெக்டேனியல்ஸ் என்று ஒருவர், 2014இல் இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். பல வருடத்துக்கு மலிவாகக் கட்டிப்போடும் ஒப்பந்தத்தை மறுத்து ஒரு வருடத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டார். சீசன் முடிவதற்குள் ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். 'செயல்முறை'யின் புராணத்தில் இவர்கள் அடிக்குறிப்புகூட இல்லை. இத்தனைக்கும் பிறகு 2025 வரை அந்த அணி இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை.

முதலாளிகள் தண்டிக்கப்படவே இல்லையா என்றால், உண்டு. தோற்பதுதான் நல்லது என்று ஆட்டக்காரர்களிடம் சொன்னதை வெளியே பேசியதற்காக 2018இல் டல்லாஸின் மார்க் கியூபனுக்கு 6 லட்சம் டாலர். 2023இல் நிஜமாகவே ஒரு ஆட்டத்தில் முக்கியமானவர்களை உட்கார வைத்ததற்காக டல்லாஸ் அணிக்கு 7.5 லட்சம். சொன்னதற்கும் செய்ததற்கும் ஏறக்குறைய ஒரே அபராதம். கழகத்துக்கு உண்மையில் எது வலிக்கிறது என்று இதிலேயே தெரிகிறது.

இனி டீக்கடை நண்பருக்கு. தோழர், நம் இடஒதுக்கீடு மனிதர்களுக்கானது. கல்வியும் பதவியும் மறுக்கப்பட்டவர்கள் தங்களுக்கு உரியதைக் கேட்டு வாங்கியது. டிராஃப்டில் முன்னுரிமை பெறுகிற 'கடைசி ஆள்' ஒரு கோடீசுவரன், அவனுக்கு ஒதுக்கப்படுவது இன்னொரு மனிதன். முப்பது முதலாளிகளுக்குள் சமத்துவம் வேண்டும் என்பதற்காக நானூற்றுச் சொச்சம் ஆட்டக்காரர்களின் தேர்வுரிமையைக் கழிக்கிறார்கள். இரண்டிலும் வரிசை தலைகீழாக இருக்கிறதே என்று பார்க்கிறீர்கள். வரிசையில் நிற்பது யார், பந்தியில் பரிமாறப்படுவது யார் என்று பாருங்கள்.

சமநிலை கூடவே கூடாது என்கிறாயா என்று கேட்கலாம். 1957 முதல் 1969 வரை 13 சீசன்களில் பாஸ்டன் 11 முறை கோப்பை வாங்கியது, அதுவும் ஆட்டக்காரன் அசைய முடியாதிருந்த காலத்தில். 2019 முதல் 2025 வரை ஏழு வருடத்தில் ஏழு வெவ்வேறு அணிகள் வாங்கின, நட்சத்திரங்கள் மிக அதிகமாக இடம்மாறிய காலத்தில். இதிலிருந்து பெரிய விதி எதையும் வடிக்க நான் தயாரில்லை. அணிகளின் எண்ணிக்கை, வரிகள் என்று இடையில் பல மாறியிருக்கின்றன. கட்டிப்போட்டால்தான் சமநிலை வரும் என்பதை மட்டும் இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

2025 பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு ராத்திரி, டல்லாஸ் அணி லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுக்கு மாற்றியது. அதற்கு முந்திய சீசனில்தான் அணியை இறுதிப்போட்டிவரை கொண்டுபோயிருந்தார். அவருக்கே அன்றுதான் தெரியும். அணியின் பெரும்பங்கு 2023 முதல் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளில் பொருள் சேர்த்த குடும்பத்தின் கையில். மே மாதக் குலுக்கலில், 1.8 விழுக்காடு வாய்ப்பில், அந்த அணிக்கே முதலிடம் விழுந்தது, கூப்பர் ஃப்ளாக் கிடைத்தார். ஆட்டக்காரன் போனபோது ஒரே இரவில் விசுவாசத்தைப் பற்றிக் கடிதம் வந்தது. ஆட்டக்காரனை அனுப்பியபோது அப்படி எந்தக் கடிதமும் வரவில்லை.

டான்சிச்சின் பழைய படம் ஒன்று இருக்கிறது. 2018 ஜூன், டிராஃப்ட் இரவு, 19 வயது. அட்லாண்டா அவரை மூன்றாவதாக எடுத்ததால் அட்லாண்டாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். அதே இரவில் டல்லாஸ் எடுத்த ட்ரே யங்கின் தலையில் டல்லாஸ் தொப்பி. இரண்டு அணிகளும் இவர்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டுவிட்டன. தாங்கள் ஒரு நாளும் ஆடப்போகாத அணிகளின் தொப்பியோடு இருவரும் படத்துக்குச் சிரிக்கிறார்கள்.