புலன்களை அளந்தவர்கள்: உளவியல் பள்ளிகளும் அவை விட்டுச்சென்ற உரைகற்களும்

ஒரு வெள்ளைத் தாளின் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறியும், 8 சென்டிமீட்டர் தள்ளி வலப்பக்கம் ஒரு கரும்புள்ளியும் போடுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் கூட்டல் குறியையே பாருங்கள். தாளை முகத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் புள்ளி காணாமற்போகும். பார்வை நரம்பு விழித்திரையைத் துளைத்து வெளியேறும் இடத்தில் ஒளியை வாங்கும் செல்கள் இல்லை. புள்ளியின் பிம்பம் அங்கே போய் விழுந்துவிட்டது. இந்தக் குருட்டுப் புள்ளியை 1660-களிலேயே பிரெஞ்சு அறிஞர் மாரியோட் கண்டு சொன்னார்.

புள்ளி மறைந்த இடத்தில் ஓட்டை தெரிவதில்லை என்பதுதான் இதில் கவனிக்கவேண்டியது. அங்கே தாளின் வெண்மை பரவி நிற்கிறது. கண் அனுப்பாத ஒன்றை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதைத் தருவது எது? நரம்பின் அமைப்பா, பழகிய அனுபவமா, மூளையின் ஊகமா? புலனுணர்ச்சி, புலன்காட்சி, நனவு ஆகிய மூன்றையும் பற்றி கடந்த இருநூறு ஆண்டுகளில் எழுந்த சிந்தனைப் பள்ளிகள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் இந்தக் கேள்விக்குத்தான் விடை சொல்ல முயன்றன.

உளவியல் அறிமுக நூல்கள் இந்தப் பள்ளிகளை வரிசையாக அடுக்கி, ஒன்று விழ மற்றொன்று எழுந்ததாகக் கதை சொல்லும். அந்த வரிசையை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடலாம், மரபு புரிந்துவிடாது. பள்ளி ஒவ்வொன்றும் தான் போகும்போது ஓர் உரைகல்லை விட்டுப் போயிற்று. அடுத்து வந்த எதிரணியினரும் தங்கள் பொன்னை அதில் உரைத்துக் காட்டவேண்டியதாயிற்று. இந்தக் கட்டுரை அந்த உரைகற்களைப் பற்றியது.

அளவையாளர்கள்

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உடலியல் பேராசிரியராக இருந்த எர்ன்ஸ்ட் வேபர், எடைகளைத் தூக்கச் சொல்லி மனிதர்களைச் சோதித்தார். 40 அலகு எடையோடு ஒன்றைக் கூட்டினால் வேறுபாடு தெரிகிறது. 80 என்றால் இரண்டு கூட்டவேண்டியிருக்கிறது. நாம் உணர்வது கூடிய அளவை அன்று, விகிதத்தை. கவராயத்தின் இரு முனைகளைத் தோலில் வைத்தும் பார்த்தார். விரல் நுனியில் சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே இரண்டு முனை என்று தெரிந்துவிடும். முதுகில் சில சென்டிமீட்டர் விலகினாலும் ஒரே முனையாகத்தான் படும். இதைச் செய்துபார்க்க இன்றும் ஒரு கவராயமும் ஒரு நண்பரும் போதும்.

அதே ஊரில் இருந்த குஸ்தாவ் ஃபெஹ்னர் இதைக் கணிதமாக்கினார். இயற்பியலாளரான அவர், கண்ணில் தங்கும் பின்பிம்பங்களை ஆராயச் சூரியனைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டு, பல ஆண்டுகள் நோயில் கிடந்தவர். 1850 அக்டோபர் 22 அன்று காலை படுக்கையில் இருந்தபோது உடலையும் உள்ளத்தையும் ஒரே சமன்பாட்டில் கட்டும் எண்ணம் தோன்றியது என்று அவரே எழுதிவைத்தார். 1860-ல் அவருடைய உளஇயற்பியல் நூல் வெளியானது.

ஃபெஹ்னரின் சூத்திரம் பின்னால் திருத்தப்பட்டது. அவர் வகுத்த முறைகள் நிலைத்துவிட்டன. அவற்றிலிருந்த ஒரு குறை நூறாண்டு கழித்துத்தான் முழுதாகச் சரிசெய்யப்பட்டது. மெல்லிய ஒலி கேட்டதா என்றால், துணிச்சல்காரர் எல்லாவற்றுக்கும் ‘கேட்டது’ என்பார். தயக்கக்காரர் ‘இல்லை’ என்பார். இதில் காதின் கூர்மை எவ்வளவு, சுபாவம் எவ்வளவு? 1950-களில் ராடார் ஆய்விலிருந்து வந்த குறிகை கண்டறிதல் கோட்பாடு இரண்டையும் பிரித்துக் காட்டியது. ஒலியே இல்லாத முறைகளையும் இடையிடையே கலந்து, அப்போதும் ‘கேட்டது’ என்பவரின் கணக்கைக் கழித்துப் பார்க்கவேண்டும். முதல் உரைகல் இதுதான்: வெற்றுச் சோதனை இல்லாத கூற்றை ஏற்காதே.

இருவரும் வென்ற சண்டை

ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை 1850-ல் அளந்தார். நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர்; அதுவரை மின்னலுக்கு நிகர் என்று பலர் நினைத்திருந்த வேகம் அது. புலன்காட்சி என்பது நாம் அறியாமலே மூளை செய்யும் அனுமானம் என்பது அவர் கொள்கை. நிறத்தை மூன்று வகை ஏற்பிகளின் கலவை என்றார். எவால்ட் ஹெரிங் மறுத்தார்: சிவப்புக்கு எதிர் பச்சை, நீலத்துக்கு எதிர் மஞ்சள், ‘பச்சை கலந்த சிவப்பு’ என்று யாரும் எதையும் சொல்வதில்லையே ஏன் என்று கேட்டார்.

இந்தச் சண்டை பல பத்தாண்டுகள் நடந்தது. கடைசியில் விழித்திரையில் மூன்று வகைக் கூம்புச் செல்கள் இருப்பதும், அவற்றின் செய்தி அடுத்த படியிலேயே எதிர்நிற இணைகளாக மாற்றப்படுவதும் தெரியவந்தன. ஆளுக்கொரு படியைப் பார்த்து இருவரும் சரியாகச் சொல்லியிருந்தார்கள். எந்தப் படியைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிட்டு வாதாடவேண்டும் என்பது இந்தச் சண்டையில் பிறந்த ஒழுங்கு.

உள்ளே பார்த்தவர்களும் பார்க்க மறுத்தவர்களும்

1879-ல் லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்ட் நிறுவிய ஆய்வுக்கூடத்தைச் சோதனை உளவியலின் பிறப்பிடமாகக் கொள்வது வழக்கம். அவருடைய மாணவர் டிட்ச்னர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய் அமைப்பியலை வளர்த்தார். பயிற்சி பெற்றவர் தம் அனுபவத்தை உள்நோக்கி, அதன் நுண்கூறுகளைச் சொல்லவேண்டும். இது அகநோக்கு முறை. எண்ணங்கள் யாவும் பிம்பங்களால் ஆனவை என்று கார்னெலில் பயின்றவர்கள் கண்டார்கள். பிம்பமே இல்லாத எண்ணங்கள் உண்டு என்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் பயின்றவர்கள் கண்டார்கள். யார் சரி என்று தீர்க்க மூன்றாவது வழி ஏதும் இல்லை. அமைப்பியல் சரிந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

1913-ல் ஜான் வாட்சன் நனவு என்ற சொல்லையே கைவிடச் சொன்னார். வெளியே தெரியும் நடத்தையை மட்டும் அளப்போம் என்றது நடத்தையியல். விலங்குகள், கற்றல் குறித்து அது நிறையச் சொல்லிற்று. குருட்டுப் புள்ளியில் வெண்மை ஏன் தெரிகிறது என்பதைப் பற்றிச் சொல்ல அதனிடம் அதிகம் இல்லை. இருந்தும், ஒருவர் மட்டுமே சரிபார்க்கக்கூடிய சான்று போதாது என்ற அதன் கண்டிப்பு இரண்டாவது உரைகல்லாக நின்றுவிட்டது.

ஜெர்மனியில் கெஸ்டால்ட் பள்ளி வேறு திசையில் போயிற்று. மாக்ஸ் வெர்தைமர் 1912-ல் வெளியிட்ட ஆய்வில், அசையாத இரண்டு கோடுகளைத் தக்க இடைவெளியில் மாறி மாறிக் காட்டினால் ஒரு கோடு நகர்வதாகத் தெரிவதைக் காட்டினார். அந்த அசைவு இந்தக் கோட்டிலும் இல்லை, அந்தக் கோட்டிலும் இல்லை. கூறுகளைக் கூட்டினால் காட்சி வந்துவிடாது என்பதற்கு அதைவிட எளிய சான்று கிடையாது. திரைப்படம் முழுவதும் இவ்வகைத் தோற்ற அசைவில்தான் ஓடுகிறது. யூதரான வெர்தைமரை 1933-ல் நாஜி அரசு பதவியிலிருந்து நீக்கியது. அவர் நியூயார்க் சென்றார். அதே பள்ளியைச் சேர்ந்த, யூதரல்லாத கோலர், யூதப் பேராசிரியர்களை நீக்கியதைக் கண்டித்து அதே ஆண்டு பெர்லின் நாளிதழில் வெளிப்படையாக எழுதினார். 1935-ல் அவரும் நாட்டை விட்டார்.

நீலகிரியில் ஒரு சோதனை

தமிழகம் இந்த வரலாற்றில் நுழையும் இடம் பலருக்குத் தெரியாதது. 1898-ல் கேம்பிரிட்ஜிலிருந்து டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன குழுவில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற மருத்துவர் இருந்தார். 1901-02-ல் அவர் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே தங்கினார். அவர்களுடைய எருமை வழிபாட்டையும் உறவுமுறையையும் பற்றி 1906-ல் அவர் வெளியிட்ட நூலை மானிடவியலாளர் அறிவர். அதே பயணத்தில் அவர் பார்வை, நிறம், தொடுவுணர்ச்சி ஆகியவற்றையும் சோதித்தார்.

அவற்றில் ஒன்று முல்லர்-லையர் மயக்கம். சம நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புத்தலைகள் உள்நோக்கி மடிந்திருக்கும், மற்றதில் வெளிநோக்கி விரிந்திருக்கும். விரிந்தது நீளமாகத் தெரியும். இரண்டும் சமம் என்று தோன்றும்வரை ஒன்றைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கச் சொல்லி, பிழையை அளப்பார்கள். ஆங்கிலேயரைவிடத் தோடர்கள் இந்த மயக்கத்துக்குக் குறைவாகவே ஆட்பட்டார்கள். ‘நாகரிகமற்றவர்’ என்று ஐரோப்பியர் சொன்ன மக்களுக்கு விலங்கு போன்ற கூரிய புலன்கள் உண்டு என்ற அந்நாளைய நம்பிக்கைக்கும் ரிவர்ஸின் அளவைகள் இடம் தரவில்லை. புலனின் கூர்மையில் பெரிய வேறுபாடு இல்லை. பார்ப்பதைப் பொருள்கொள்வதில்தான் வேறுபாடு இருந்தது.

1966-ல் வெளியான ஆய்வில் சீகல், கேம்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் ஆகிய மூவர் பல நாட்டு மக்களிடம் இதை மீண்டும் சோதித்து, செங்கோண மூலைகள் நிறைந்த சுவர்களுக்கும் அறைகளுக்கும் நடுவே வளர்ந்த கண் இந்த மயக்கத்துக்கு எளிதில் ஆட்படுகிறது என்று விளக்கம் தந்தார்கள். அந்த விளக்கம் இன்றும் விவாதத்தில் இருக்கிறது. லைப்சிக் மாணவர்களை மட்டும் அளந்துவிட்டு மனித இனத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்ற மூன்றாவது உரைகல்லில் மட்டும் விவாதம் இல்லை.

மூளைக்குள் நுழைந்தவர்கள்

1958-ல் ஹூபெலும் வீஸலும் பூனையின் பார்வைப் புறணியில் ஒரு நரம்பணுவுக்குப் புள்ளிகளைக் காட்டிக் காட்டிச் சலித்தார்கள். கண்ணாடிச் சில்லைக் கருவியில் செருகும்போது அதன் விளிம்பின் நிழல் திரையில் நகர, நரம்பணு படபடவென்று துடித்தது. அது குறிப்பிட்ட சாய்வுள்ள கோட்டுக்காகக் காத்திருந்த செல். 1981-ல் அவர்களோடு நோபல் பரிசைப் பகிர்ந்த ரோஜர் ஸ்பெரி, வலிப்புக்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கற்றை வெட்டப்பட்டவர்களை ஆராய்ந்தவர். இடப்புறம் ஒரு பொருளின் பெயரைக் காட்டினால், ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று வாய் சொல்லும். திரைக்குப் பின்னால் துழாவும் இடக்கை சரியான பொருளை எடுத்துவிடும்.

1974-ல் வைஸ்க்ராண்ட்ஸ் விவரித்த நோயாளிக்குப் பார்வைப் புறணியின் ஒரு பகுதி நீக்கப்பட்டிருந்தது. அதற்கு எதிர்ப்பக்கப் பார்வையில் எதுவுமே தெரியவில்லை என்பார். ஊகித்துச் சுட்டச் சொன்னால், தற்செயலால் வரமுடியாத அளவுக்குச் சரியாகச் சுட்டுவார். பார்ப்பதும் பார்க்கிறோம் என்று அறிவதும் தனித்தனி என்று இவை காட்டின. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கையில் வலி உணர்வோருக்கு ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்து மறுகையின் பிம்பத்தைக் காட்டினார். சிலருக்கு இறுகிய மாயக்கை விரிந்தது. ஒருவரிடம் நன்றாகக் கவனித்ததே கோட்பாட்டின் வாசலாவதும், அதை ஒப்பீட்டுக் குழு வைத்துப் பிறகு சோதிப்பதும் இந்த வழியின் இலக்கணம்.

பிறவிக் குருடருக்குப் பார்வை வந்தால், தடவி அறிந்த உருண்டையையும் கனசதுரத்தையும் கண்ணால் பார்த்தே பிரித்தறிவாரா என்று 1688-ல் மோலினோ, தத்துவஞானி லாக்கிடம் கேட்டார். விடை இந்தியாவிலிருந்து வந்தது. பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டத்தில் அறுவைச் சிகிச்சை பெற்ற, 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரைப் பற்றிய ஆய்வு 2011-ல் வெளியானது. பார்வை வந்த உடனே, தொட்டறிந்ததைக் கண்ணால் கண்டதோடு பொருத்த முடியவில்லை. சில நாட்களில் கற்றுக்கொண்டார்கள்.

நனவு: முன்கூட்டிச் சொல்லிவிட்டு மோது

1990-ல் அறிவியலாளர்களான கிரிக்கும் கோக்கும் நனவை நரம்பியலின் கேள்வியாக்கினார்கள். 1998-ல் கோக், நனவின் நரம்பு அடையாளம் 25 ஆண்டில் தெளிவாகிவிடும் என்று தத்துவ அறிஞர் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டி, 2023-ல் தோற்று, ஒயின் பெட்டியைக் கொடுத்தார்.

இன்று முன்னணியில் நிற்கும் இரு கோட்பாடுகளில், டொனோனியின் ஒருங்கிணைந்த தகவல் கோட்பாடு நனவை மூளையின் பின்பகுதியில் தேடுகிறது. டெஹானும் பிறரும் வளர்த்த உலகளாவிய பணிவெளிக் கோட்பாடு, தகவல் மூளை முழுவதும் ஒலிபரப்பாவதில், குறிப்பாக முன்பகுதியின் பங்கில் தேடுகிறது. இரு தரப்பும் கூடி உட்கார்ந்து, என்ன முடிவு வந்தால் யாருக்குப் பாதகம் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதி ஒப்புக்கொண்டார்கள். 256 பேரைச் சோதித்த முடிவு 2025-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. இரு கோட்பாட்டுக்கும் ஆதரவு கொஞ்சம், அடி கொஞ்சம். பின்பகுதியில் நீடிக்கவேண்டிய ஒத்திசைவு கிடைக்கவில்லை. பிம்பம் மறையும் கணத்தில் முன்பகுதியில் எழவேண்டிய பொறியும் பெரும்பாலும் எழவில்லை. நான்காவது உரைகல் இது: எது உன்னைப் பொய்யாக்கும் என்பதை முதலில் சொல்.

இந்தத் துறைக்கு வரும் மாணவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. ஒரு மூளைப் படத்தில் சிவப்பாக ஒரு பகுதியைக் காட்டி, ‘காதல் இங்கே, பக்தி இங்கே’ என்று யாரேனும் சொன்னால் நான்கு கேள்வி கேளுங்கள். வெற்றுச் சோதனை வைத்தீர்களா? வேறொருவர் செய்தால் இதே முடிவு வருமா? யாரை அளந்தீர்கள்? எந்த முடிவு வந்திருந்தால் உங்கள் கருத்தைக் கைவிட்டிருப்பீர்கள்? நான்குக்கும் விடை இருந்தால், சொல்பவர் எந்தப் பள்ளியைச் சேர்ந்தவரானாலும் உட்கார்ந்து கேளுங்கள். இல்லையென்றால் அவர் எவ்வளவு பெரிய பெயருடையவரானாலும், வேபரின் கவராயத்தை எடுத்துக்கொண்டு உங்கள் சொந்தச் சோதனையைத் தொடங்குவது மேல்.