பிழையிலிருந்து விதி

1980-ஆம் ஆண்டு அக்டோபரில் 'நேச்சர்' இதழில் ஏழு பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியோர், ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றிய கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் அம்மையாரும் எரிக் வீஷவுஸ் என்பாரும் ஆவர். பழ ஈயின் கருவில் உடற்கண்டங்கள் எவ்வாறு வகுக்கப்படுகின்றன என்பதே பொருள். 1995-இல் இருவரையும் நோபெல் பரிசுக்கு உரியராக்கிய இப்பணியின் சிறப்பையும் எல்லையையும் ஒருங்கே நோக்குதல் தகும்.

ஆண் ஈக்களுக்கு வேதிப்பொருள் ஊட்டி, மரபணுக்களில் திரிபு உண்டாக்கினர். அவற்றின் வழிவந்த பல்லாயிரம் குடிகளை வளர்த்து, பொரியாது மடிந்த கருக்களின் மேல்தோலை நுண்பெருக்கியில் ஆராய்ந்தனர். குறைபட்ட உருக்களைக் குவித்ததோடு நின்றிருந்தால் அது வெறும் பட்டியலாய் முடிந்திருக்கும். அவர்களோ 15 மரபணுக்களை மூன்றே வகையில் அடக்கிக் காட்டினர். முதல்வகை கெட்டால் அடுத்தடுத்த பல கண்டங்கள் ஒருசேர மறையும். இரண்டாம் வகை கெட்டால் ஒன்றுவிட்டு ஒரு கண்டத்தில் குறை தோன்றும். மூன்றாம் வகை கெட்டால் ஒவ்வொரு கண்டத்திலும் ஒரு பகுதி ஒழிந்து, எஞ்சியது கண்ணாடி நிழல்போல் எதிர்த்திசை நோக்கி மீண்டும் அமையும். கரு தன்னை முதலில் பெரும்பகுதிகளாகவும், பின்னர் இரட்டை இரட்டையாகவும், இறுதியில் தனித்தனியாகவும் வகுத்துக்கொள்கிறது என்னும் விதி இப்பிழைகளிலிருந்தே புலனாயிற்று. மாணவன் கட்டுரையில் பிழைகளை எண்ணும் ஆசிரியர் மதிப்பெண்ணை அறிவார். இனம் பிரிப்பவரே அவன் மனத்திலுள்ள இலக்கணத்தை அறிவார். இக்கட்டுரையின் பெருமை அத்தகையது.

எனினும், சல்லடையின் கண்ணுக்கு ஏற்பவே அதில் தங்குவது அமையும். மேல்தோலை மட்டும் நோக்கியமையால் உள்ளுறுப்புகளில் மட்டும் நேர்ந்த கேடுகள் அகப்படவில்லை. ஒன்று கெட்டால் மற்றொன்று ஈடுசெய்யும் மரபணுக்களும், தாய் முட்டையிலேயே வைத்துவிடும் பொருளால் தொழிற்படுவனவும் தப்பின. தலையையும் மார்பையும் வகுக்கும் 'பைகாய்டு' மரபணுவின் தொழில், தாய் ஈக்களின் திரிபைத் தேடிய வேறு ஆய்வின் வழியாக 1986-இல் விளக்கம் பெற்றது. இரண்டாம் வகையில் வைக்கப்பட்ட 'எங்கிரேல்டு' பின்னர் மூன்றாம் வகைக்கு மாற்றப்பட்டது.

பெயரீட்டிலும் ஓர் இடர் உண்டு. ஒரு மரபணு இல்லாதபோது புழு முள்ளடர்ந்து தோன்றியதால் அதற்கு 'முள்ளெலி' எனப் பெயரிட்டனர். அதன் இனத்தைச் சேர்ந்தவை 1993-இல் எலியிலும் கோழியிலும் வரிக்குதிரை மீனிலும் கண்டறியப்பட்டன. நரம்புத் தண்டையும் உறுப்புகளையும் வகுப்பதில் அவற்றுக்குள்ள பங்கை அப்பெயர் சிறிதும் உணர்த்துவதில்லை.

ஆகவே, இக்கட்டுரையைப் பயில்வோர் அதன் வகைப்பாட்டைப் போற்றுக. தேடிய கண்ணுக்குப் படாதவற்றைப் பயனற்றவை எனத் தள்ளாதிருக்க.