ஒளியும் மறைப்பும் – புகைப்படத் திருத்தம் பற்றிய ஒரு நோக்கு

கமரா கண்டதை அவ்வாறே தருவது மெய், பின்னர் கைவைத்துத் திருத்துவது பொய் என்றதொரு பாகுபாடு புகைப்படம் பற்றிய உரையாடல்களில் இன்றும் நிலவுகின்றது. எளிமையான பாகுபாடுதான், ஆனால் இக்கலையின் வரலாறு அதற்கு இடந்தருவதில்லை. படத்தின் ஒரு பகுதியை மட்டும் தெரிந்தெடுத்துத் திருத்தும் வழக்கம் கணினியோடு தோன்றியதன்று. இருட்டறையில் அச்சிட்டோர் கையாலும் கம்பியில் ஒட்டிய அட்டைத்துண்டாலும் ஒளியைத் தடுத்து ஓரிடத்தை வெளிறச் செய்தனர். வேறோரிடத்தில் ஒளியை மிகுதியாகப் பாய்ச்சிக் கருமையூட்டினர்.

அமெரிக்கக் கலைஞர் அன்சல் அடம்ஸ் 1941 இல் நியூ மெக்சிக்கோவின் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரில் எடுத்த நிலவெழுச்சிப் படம் இதற்குத் தக்க சான்றாகும். அதன் ஆரம்ப அச்சுக்களில் வானம் வெளிறியிருந்தது. முகிற் கீற்றுக்கள் தெரிந்தன. 1948 இல் அடம்ஸ் எதிர்ப்படத்தின் கீழ்ப்பகுதியை மட்டும் இரசாயனத்தால் வலுவூட்டினார். பிற்கால அச்சுக்களிலோ வானம் ஏறக்குறைய முழுக் கருமை. அதன்கீழ் இடுகாட்டுச் சிலுவைகள் ஒளிர்கின்றன. எதிர்ப்படத்தை இசைக்குறிப்புக்கும் அச்சினை அதன் நிகழ்த்துகைக்கும் ஒப்பிட்டவர் அவர். இளமையிற் பியானோ பயின்றவருக்கு அவ்வுவமை இயல்பாக வாய்த்தது போலும்.

போட்டோஷொப் மென்பொருளின் 1994 ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த லேயர் மாஸ்க் இக்கைவினையின் வழித்தோன்றலே. மூலப்படத்தின்மேல் திருத்திய படலமொன்று கிடக்கும். அதனோடிணைந்த மாஸ்க்கில் வெள்ளையுள்ள இடத்தில் திருத்தம் தெரியும். கறுப்புள்ள இடத்தில் மறையும். சாம்பல் தன் அளவுக்கேற்பச் சிறிது தெரியவிடும். முகத்தை மட்டும் ஒளியேற்ற விரும்புபவர் மாஸ்க் முழுவதையும் கறுப்பாக்கி, முகமிருக்கும் இடத்தில் வெள்ளைத் தூரிகையை மெல்ல ஓட்டினாற் போதும். பிழைத்தாற் கறுப்பைப் பூசி மீளலாம். இருட்டறையிற் பிழைத்த தாள் குப்பைக்கே போயிற்று. ஆயினும், படலங்கள் ஒன்றாக்கப்பட்டு இறுதிப்படம் வெளிவருகையில் மாஸ்க் அதனோடு வருவதில்லை. எங்கே ஒளி கூடியது, எங்கே குறைந்தது என்பதைப் பார்வையாளர் அறியார்.

நிலக்காட்சியில் இஃது ஒரு குறையன்று. செய்திப்படத்திலோ நிலைமை வேறு. சுவீடன் நாட்டுப் போல் ஹன்சன் 2012 நவம்பரில் காஸா நகரில் எடுத்த இறுதி ஊர்வலப் படம், வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பின் அவ்வாண்டுக்குரிய முதற்பரிசைப் பெற்றது. குண்டுவீச்சிற் கொல்லப்பட்ட இரு குழந்தைகளின் உடல்களை ஏந்தியவாறு ஆடவர் ஒடுங்கிய தெருவொன்றில் வருகின்றனர். முகங்களிற் படிந்த ஒளி திரைப்படக் காட்சியொன்றை நினைவூட்டியமையால் பலர் ஐயுற்றனர். பல படங்களை ஒட்டித் தயாரித்ததென்ற குற்றச்சாட்டும் 2013 மே மாதம் எழுந்தது. மூலக்கோப்பை ஆராய்ந்த வல்லுநர்கள், நிறமும் தொனியும் முழுமையாகவும் பகுதிபகுதியாகவும் திருத்தப்பட்டுள்ளன, எனினும் ஒட்டுவேலைக்குச் சான்றில்லை என்றனர்.

எதையும் சேர்க்கவில்லை, எதையும் நீக்கவில்லை என்ற இவ்விடை போதுமானதா? 1994 ஜூன் 27 ஆந் திகதிய ரைம் சஞ்சிகை, கொலைக் குற்றஞ்சாட்டப்பட்ட ஓ. ஜே. சிம்சனின் பொலிஸ் படத்தை இருளாக்கி அட்டையில் வெளியிட்டது. அதே படத்தை அதே வாரம் நியூஸ்வீக் இருளாக்காது வெளியிட்டமையால் வேறுபாடு கடைகளிலேயே அம்பலமாயிற்று. அப்படத்தில் வேறு மாற்றங்களும் உண்டு; ஆயினும் கண்டனத்துக்குள்ளானது அவ்விருளே. கறுப்பின மனிதனொருவனின் தோலை மேலும் கறுப்பாக்குதல் வழக்குக்கு முன்னரே தீர்ப்பு வழங்குவதற்கு ஒப்பாகும். தொனியும் உள்ளடக்கமே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது.

ஹன்சனின் திருத்தத்தை இதனோடு ஒருதட்டில் வைத்தல் அநீதி. அவர் எவரையும் இருளில் மறைக்கவில்லை. பின்வருவோரின் முகங்களும் தெளிவாகவே தெரிகின்றன. ஆனால் துயரைத் துலக்க முனைந்த அவ்வொளியே, துயரை நம்ப விரும்பாதோர்க்கு வாய்ப்பான சாட்டாயிற்று. கலைநயம் கூடக்கூடச் சாட்சியின் வலு குறைந்ததென்பதே இப்படத்தின் அவலம். அத்தெருவின் சுவர்களிற் பட்டுத் தெறித்த வெயில் எவ்வளவு, பின்னர் கூட்டியது எவ்வளவு என்பதைப் பரிசுபெற்ற படத்தைப் பார்த்து எவராலும் கூற இயலவில்லை. மூலக்கோப்பை வரவழைக்க வேண்டியிருந்தது.