ஆர்கனும் நம் ஆலய இசையும்

சென்னை எழும்பூரில் ஸ்காட்லாந்துச் சபையார் எழுப்பிய தூய அந்திரேயா ஆலயம் 1821ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் குழாய் ஆர்கன் 1883ஆம் ஆண்டினது. இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்துப் பீட்டர் கொனகர் நிறுவனம் செய்தது. ஆலயம் நம் சபையினதன்று. எனினும் அக்கருவி எழுப்பும் வினா நமக்கும் உரியது. தமிழர் வழிபாட்டில் ஆர்கனின் இடம் என்ன?

ஆர்கனே திருச்சபையின் கருவி, நாதசுரமும் தவிலும் பிறர் கோயிலுக்குரியவை என்பார் ஒரு சாரார். ஆர்கன் வெள்ளையர் விட்டுச் சென்ற பெட்டி என்பார் மறு சாரார். இருவரும் வரலாற்றை நோக்கினாரல்லர்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தெசிபியுஸ் என்பார் நீரின் அழுத்தத்தால் இயங்கும் ஆர்கனை அமைத்தார். உரோமையர் அதனைக் களியாட்ட அரங்குகளில் முழக்கினர். தொடக்கத் திருச்சபைத் தந்தையரோ இசைக்கருவிகளையே ஐயுற்றனர். 757இல் பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் பிராங்கியர் மன்னர் பெப்பினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். அதுவும் அரசவைப் பொருளே. அதன் பின்னரே மெல்ல மெல்ல அக்கருவி மேலைத் திருச்சபையின் ஆலயங்களில் நிலைபெற்றது. அரங்கிலிருந்து வந்ததை ஏற்ற திருச்சபை, நாதசுரத்தைக் கண்டு அஞ்சுவானேன்? 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் திருவழிபாட்டுச் சாசனத்தில் குழாய் ஆர்கனை உயர்வாக மதித்த அதே பிரிவிலேயே, வழிபாட்டிற்குத் தகுந்த பிற கருவிகளுக்கும் கதவைத் திறந்து வைத்தது.

ஆர்கனுக்குக் குறையும் உண்டு. ஒரு குழாய்க்கு ஒரு சுரமே. நம் பண்களின் உயிரான கமகம் அதற்கு வாராது. அதன் உறவான ஆர்மோனியமும் இக்குறையுடையதே. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதனை விலக்கி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறையோ பெரிது. பாடகரின் மூச்சு தளரும்; துருத்தியின் காற்றைப் பெறும் குழாயின் ஒலி தளராது. அத்தளராத ஒலியைப் பற்றிக்கொண்டு குரல்வளம் இல்லாதவரும் பாடலாம். ஒரே காற்று, பல குழாய்கள்: தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய, ஒரே ஆவியார் அருளும் பல கொடைகளை இது நினைவூட்டுகிறது.

இன்று நம் ஆலயங்கள் பலவற்றில் மின்னணு விசைப்பலகை ஆள்கிறது. பொத்தானை அழுத்தினால் தாளம் தானே ஓடுகிறது, ஒலிபெருக்கி முழங்குகிறது, பாடகர் குழு பாடுகிறது, இறைமக்கள் அவையோராய் நின்று கேட்கின்றனர். குற்றம் மின்சாரத்தினது அன்று. மக்களின் குரலைத் தாங்கவேண்டிய கருவி அதனை மூடிவிடுவதே குற்றம்.

இதற்கு மாற்றாகக் குழாய் ஆர்கன் வாங்குவோம் என்பதும் விவேகமன்று. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் கல்லையே அரிக்கும் உப்புக் காற்று, கோவளம் போன்ற கரையோர ஊர்களில் ஆர்கனின் மரத்தையும் தோலையும் விட்டுவைக்குமா? பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பினாஸ் பங்குத்தந்தை தியேகோ செரா வேறு வழி கண்டார். 1824இல் அவர் முடித்த ஆர்கனின் குழாய்களுள் பெரும்பாலானவை அம்மண்ணின் மூங்கில். நாம் பின்பற்றத் தக்கது அந்த மனப்பாங்கே. நம்மிடமும் மூங்கிற் குழல் உண்டு. சுருதிப் பெட்டி உண்டு. வயலினும் மிருதங்கமும் உண்டு. எதனை ஏற்பினும், திருப்பலி முடிந்ததும் பங்கு மக்கள் தம்மை ஒன்று கேட்டுக்கொள்ளட்டும்: இன்று நாம் பாடினோமா, கேட்டோமா?